கிராஃப் என்பதற்கு ‘வேள்’: ஹாலந்தின் ஆட்சிக்குடிகளுக்கான கலைச்சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

இடைக்கால ஹாலந்தை ஆண்டவர்களுக்கு டச்சு மொழியில் ‘கிராஃப்’ என்று பட்டம். அவர்களைத் தமிழில் எந்தப் பெயரால் அழைப்பது என்று ஒரு வாரமாகப் பேசிவருகிறோம். சிற்றரசர், கோமகன், பிரபு, கவுண்ட் என நான்கு சொற்கள் வந்துள்ளன. நான்கையும் கட்டுரை வரைவில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நூற்றாண்டில் முறிந்துவிடுகிறது. எங்கே முறிகிறது என்பதைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.

> சிற்றரசர் என்றாலே எல்லாருக்கும் புரியுமே. சிறிய நிலம், பரம்பரை ஆட்சி, மேலே ஒரு பேரரசர். வேறென்ன வேண்டும்?

ஐயா, இந்தச் சொல்தான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இரண்டாம் வில்லெமிடம் வந்ததும் நின்றுவிட்டேன். ‘ஹாலந்துச் சிற்றரசர் வில்லெம் 1247இல் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்று எழுதினால், அரசராக இருந்தவரே மறுபடி அரசரானது போல் இருக்கிறது. நடந்தது அதுவல்ல. ஹாலந்தின் முதல் ஆட்சிக்குடியில் பிறந்தவர் ஒருவர் ஜெர்மானிய அரசராகத் தேர்வு பெற்றது அந்த ஒருமுறைதான். அதற்கு முன் அவர் அரசர் இல்லை. அவருக்கு முன் ஹாலந்தை ஆண்ட அவர் குடியினரிலும் அரசர் எவரும் இல்லை. அரசர் என்ற சொல்லை முன்கூட்டியே செலவழித்துவிட்டால், அந்த ஏற்றத்தைச் சொல்ல நம்மிடம் சொல் மிஞ்சாது.

கிராஃப் என்பது முதலில் ஒரு பதவி. கரோலிங்கிய அரசர் ஒரு நிலப்பகுதிக்கு ஆளை அமர்த்துவார். வழக்குத் தீர்ப்பதும், படை திரட்டுவதும், சுங்கம் வாங்குவதும் அவர் வேலை. லத்தீன் ஆவணங்களில் அவர் ‘கோமெஸ்’, அதாவது அரசருடன் செல்பவர். இந்தப் பதவி எப்படிக் குடும்பச் சொத்தானது என்பதை ஹாலந்தில் ஆண்டு வாரியாகப் பார்க்கலாம். 889இல் அரசர் ஆர்னுல்ஃப், கெரோல்ஃப் என்பவருக்கு நிலங்களை முழு உடைமையாகக் கொடுக்கிறார். 922இல் எக்மண்ட் தேவாலயமும் அதன் நிலங்களும் அவர் வழிவந்த டிர்க்கின் கைக்கு வருகின்றன. 985இல் இரண்டாம் டிர்க், அதுவரை மானியமாக அனுபவித்த நிலங்களில் பலவற்றைச் சொந்தமாகவே பெற்றுக்கொள்கிறார். ஹாலந்து என்ற பெயர் அவர்களுடைய பட்டத்தோடு சேர்வதோ 1101இல், இரண்டாம் ஃப்ளோரிஸ் காலத்தில்தான். இருநூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட பிறகே நிலத்தின் பெயர் பட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆகவே கட்டுரையில் 1101க்கு முந்தையவர்களை ‘ஹாலந்தின்’ என்று சொல்லாமல் அந்தக் கடலோரத்தின் பழைய பெயரான ஃபிரிசியாவோடு சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

1018இல் என்ன நடந்தது என்று பாருங்கள். மூன்றாம் டிர்க், மெர்வேடே ஆற்றோரம் விளார்டிங்கனில் கோட்டை கட்டி, இங்கிலாந்துக்குப் போகும் கப்பல்களை மறித்துச் சுங்கம் வாங்குகிறார். டீல் நகரத்து வணிகர்கள் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஹென்றியிடம் முறையிடுகிறார்கள். உத்ரெக்ட் ஆயருக்கும் டிர்க்கின்மேல் வழக்கு இருந்தது. கீழை லொரேனின் கோமகன் காட்ஃப்ரி தலைமையில் பேரரசின் படை வருகிறது. சதுப்பும் வாய்க்காலும் தெரியாத படை அது. தோற்று ஓடுகிறது, காட்ஃப்ரியே பிடிபடுகிறார். அப்படி வென்ற டிர்க் தன்னை அரசர் என்று அறிவித்துக்கொள்ளவில்லை. சுங்கம் தொடர்ந்தது, நிலமும் அவரிடமே இருந்தது, பட்டம் மட்டும் பழைய பட்டம்தான். சிற்றரசர் என்று எழுதினால், கப்பம் கட்ட மறுத்த மன்னர் ஒருவரின் கதையாக இது சுருங்கிவிடும். பேரரசரின் பெயரால் வாங்க வேண்டிய சுங்கத்தைப் பதவியில் இருப்பவரே தன் பெட்டியில் போட்டுக்கொண்டதுதான் இங்கே வழக்கு. நம் சொல்லுக்குள் இந்தப் பதவிக் கூறு இருந்தே ஆக வேண்டும்.

> அப்படியானால் கோமகன்?

கோமகன் ட்யூக்குக்கு வழங்கிவரும் சொல். செய்திகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதை அங்கேயே விட்டுவிடுவோம். இரண்டு தகுதிக்கும் ஒரே சொல் என்றால், ஹாலந்துக்குக் கிழக்கே இருந்த கெல்ரே நாட்டின் கதையைச் சொல்லவே முடியாது. அங்கே ஆண்டவர்களும் கிராஃப்களே. 1339இல் பேரரசர் லுட்விக், இரண்டாம் ரெய்னால்டைக் கோமகனாக உயர்த்தினார். அந்த உயர்வுக்காகவே அந்த ஆண்டு நினைவில் இருக்கிறது. (பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குக் கெல்டிரியா என்று பெயர், அது இந்தக் கெல்ரேயின் லத்தீன் வடிவம். நாம் சொல்லும் ‘ஒல்லாந்தர்’ என்பதும் ஹாலந்தின் பெயரிலிருந்தே வந்தது.) பர்கண்டியின் கோமகன் பிலிப் 1433இல் ஹாலந்தின் கிராஃப் ஆனார் என்ற வரியிலும் இதே சிக்கல். ஒரே ஆள், இரண்டு நிலம், இரண்டு தகுதி.

பிரபு என்பது எவருக்கும் பொருந்திவிடும், அதனாலேயே வேண்டாம் என்கிறேன். ஹாலந்தின் கிராஃப் ஐந்தாம் ஃப்ளோரிஸைக் கொன்றவர்களும் பிரபுக்கள்தானே. 1296 ஜூனில் பருந்து வேட்டைக்குப் போன இடத்தில் அவரைப் பிடித்து மௌடன் கோட்டையில் அடைத்தார்கள் ஆம்ஸ்டல், வூர்டன், வெல்சன் குடும்பத்தார். நான்கு நாள் கழித்து, 27ஆம் தேதி, அவரை அங்கிருந்து கடத்திச் செல்லும்போது ஊர்மக்கள் வழிமறித்தார்கள். மீட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சி அந்த இடத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். ‘குடியானவர்களின் தெய்வம்’ என்பது அவருக்கு வழங்கிய பெயர். கொன்றவரும் பிரபு, கொல்லப்பட்டவரும் பிரபு என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்? கொன்றவர்கள் அவருக்குக் கட்டுப்பட்டவர்கள். தமக்கு மேலே இருந்தவர்மேல் கை வைத்தார்கள் என்பதுதான் அந்தக் கொலையின் பாரம்.

கவுண்ட் ஆங்கில ஒலிப்பு. டச்சுக்காரர் அப்படிச் சொல்வதில்லை. மரியாதை விகுதி சேர்த்தால் நம் ஊரில் வழங்கும் வேறொரு பட்டப்பெயராகவும் ஆகிவிடுகிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இல்லை.

நான் முன்வைப்பது ‘வேள்’.

வேந்தருக்குக் கீழே, ஊர்க்கிழாருக்கு மேலே நிற்கும் சொல் இது. பரம்பரையாக நிலம் ஆண்டவர்களைக் குறித்தது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘மூவேந்தவேளான்’ அரசர் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். அதாவது பிறப்பால் வருவதும் அரசரால் வருவதும் ஆகிய இரண்டு நிறங்களும் இந்தச் சொற்குடும்பத்தில் ஏற்கனவே இருக்கின்றன. கிராஃப் என்ற சொல்லுக்கும் அந்த இரண்டு நிறமும்தான் தேவை.

> பாரியும் ஆயும் நினைவுக்கு வருவார்களே. வாசகர் மனத்தில் பறம்பு மலை எழுந்தால் ஹாலந்தின் சதுப்பு எங்கே தெரியும்?

நியாயமான தயக்கம். ஆனால் அரசர், அமைச்சர், தூதர் எல்லாமே பழஞ்சொற்கள்தான். பிரெஞ்சு அமைச்சர் என்று படிக்கும்போது எவருக்கும் சோழர் அவை நினைவுக்கு வருவதில்லை. பழக்கம் அந்த வாசனையைக் கழுவிவிடும். ‘வேள்’ இன்று அன்றாடப் பேச்சில் இல்லை என்பதே நமக்கு வசதி. புதிய பொருளை ஏற்க இடம் காலியாக இருக்கிறது.

> ‘வேளை’ என்று இரண்டாம் வேற்றுமையில் வந்தால் பொழுது என்று படித்துவிடுவார்களே.

இதைச் சுட்டிய அம்மாவுக்கு நன்றி. நான் கவனிக்காத இடம். முன்னோர் வழியே இதற்கு விடை இருக்கிறது. ‘மாவேள் எவ்வி’ என்று பெயருக்கு முன்னால் வரும். அப்படி வைத்தால் உருபு பெயரில் ஏறும்: ‘வேள் ஃப்ளோரிஸைக் கொன்றார்கள்’. பெயர் இல்லாமல் தனியே வரும் இடத்தில் ‘வேண்மானை’ என்று எழுதலாம். ‘நன்னன் வேண்மான்’ பழைய ஆட்சிதான். பன்மைக்கு வேளிர்.

பெண்பால் தானாகவே வந்து விழுகிறது. செங்குட்டுவனின் தேவி இளங்கோ வேண்மாள். கிராவின் என்பதற்கு வேண்மாள் என்று வைத்தால், மனைவிக்கும் பொருந்தும், தன் உரிமையில் ஆண்டவருக்கும் பொருந்தும். இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதீர்கள். ஹாலந்தின் ஆட்சிக்குடி மாறிய முதல் மூன்று முறையும் வழி ஒரு பெண்ணால் திறந்தது. 1299இல் முதலாம் யான் பிள்ளையில்லாமல் இறந்தபோது, இரண்டாம் வில்லெமின் தங்கை ஆலெய்டின் மகன் வந்தார்; அவெய்ன் குடி தொடங்கியது. 1345இல் நான்காம் வில்லெம் ஃபிரிசியர்களோடு போரிட்டு வார்ன்ஸில் மாண்டபோது, அவர் உடன்பிறந்தாள் மார்கரெட் வழியே பவேரியக் குடி வந்தது. மார்கரெட் பேரரசர் லுட்விக்கின் மனைவி. பேரரசியும் அவரே, ஹாலந்தின் வேண்மாளும் அவரே. அடுத்தது யாகோபா. தந்தை ஆறாம் வில்லெம் 1417இல் இறந்ததும் சிற்றப்பன் உரிமை கொண்டாடினார், பிறகு பர்கண்டியின் பிலிப் நெருக்கினார். 1428 ஜூலை 3 டெல்ஃப்ட் உடன்படிக்கையின்படி பட்டம் யாகோபாவிடம், நிர்வாகம் பிலிப்பிடம். தன் அனுமதியின்றி அவள் மறுமணம் செய்யக் கூடாது என்றும் பிலிப் எழுதி வாங்கிக்கொண்டார். 1433இல் பட்டமும் போயிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டில் பிலிப்புக்குப் பெயர் ‘ரூவார்ட்’. அதற்கு ‘ஆட்சிக்காவலர்’ என்கிறேன். ‘1428 முதல் 1433 வரை யாகோபா வேண்மாள், பிலிப் ஆட்சிக்காவலர்’ என்று எழுதும்போது அந்தப் பெண்ணிடம் மிஞ்சியிருந்தது என்ன என்று தெளிவாகத் தெரிகிறது.

இதனாலேயே ‘வம்சம்’ என்பதைவிடக் ‘குடி’ எனக்குப் பிடிக்கிறது. வம்சம் மாறியது என்றால் படையெடுப்பு போலத் தோன்றும். இங்கே இரத்தம் தொடர்ந்தது, குடி மாறியது. மொத்த அமைப்புக்குக் ‘குடிவழி ஆட்சி’ என்று வைக்கலாம்.

கிராஃப்ஸ்கப், அதாவது வேள் ஆளும் நிலம், கொஞ்சம் அலைக்கழித்தது. ‘வேள்நாடு’ என்று எழுதினேன். புணர்ந்தால் வேணாடு, தெற்கே உண்மையாகவே இருந்த ஒரு நாடு. ‘வேள்புலம்’ புணர்ந்தால் வேட்புலம், வேட்பாளர் நினைவு வருகிறது. ‘வேளகம்’ என்றதும் சிக்கல் தீர்ந்தது. தமிழகம் போல ஓசையும் பழக்கமானது. ஹாலந்து வேளகம், சேலந்து வேளகம், ஹெனோ வேளகம். 1299க்குப் பிறகு இந்த மூன்றுக்கும் ஒரே வேள் இருந்தும் மூன்றும் தனித்தனியாகவே நின்றன. சொல் அந்தத் தனிமையையும் காட்டுகிறது.

கூட்டுச்சொற்களில்தான் இதன் வலிமை தெரியும். பர்க்கிராஃப் கோட்டைவேள், மார்க்கிராஃப் எல்லைவேள். டைக்கிராஃப்? கரைவேள். கடலையும் ஆற்றையும் தடுத்து நிற்கும் கரைக்குப் பொறுப்பானவர். ரைன்லாந்தின் நீர்க்காப்பு அமைப்பு 1255இல் இரண்டாம் வில்லெம் கொடுத்த ஆவணத்தில் இடம்பெறுகிறது. கரையைப் பேணுவது நிலம் வைத்திருப்பவர் கடமை. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கரை. பேண முடியாதவர் தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டுப் போய்விட வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குபவருக்கு நிலமும் சேரும், கரைப் பாரமும் சேரும். வெள்ளத்தோடு வாழும் ஊரின் சட்டம் அது. வேளிர் ஆட்சி போய் நூற்றாண்டுகள் ஆகியும் நெதர்லாந்தில் இன்றும் 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் தலைவருக்கு இன்றும் டைக்கிராஃப் என்றே பெயர்.

இன்னொரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது. தி ஹேக் நகரத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்க்ராவன்ஹாஹ. பிரித்தால் கிராஃபின் வேலி, வேலியடைத்த காடு. வேளின் வேலி! இரண்டாம் வில்லெமும் ஐந்தாம் ஃப்ளோரிஸும் எழுப்பிய மாளிகை வளாகத்தில்தான் நாடாளுமன்றம் அமைந்தது. ஊர்ப்பெயர் விளக்கத்தை ஒரே வரியில் தமிழில் சொல்ல முடிகிறது என்பதே இந்தச் சொல்லுக்கு எனக்குப் போதுமான சான்று.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் ஹாலந்தில் மூன்றாம் பிலிப் என்ற வேள் மட்டுமே. 1581 ஜூலை 26இல் நெதர்லாந்தின் மாகாணங்கள் அவரைத் தள்ளி வைத்தபோது, அந்த மாகாணங்களில் அவர் ஸ்பெயினின் அரசராக ஆளவில்லை. ஒரு மண்ணில் கோமகன், ஒரு மண்ணில் வேள் என்று தனித்தனித் தகுதியில்தான் ஆண்டார். அந்த வரியை ‘வேள்’ இல்லாமல் எழுதிப் பார்த்துவிட்டு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இன்னும் தீராமல் இருப்பது ஃபோக்ட். தேவாலய நிலங்களுக்குக் காவலராக நின்றவரின் பட்டம் அது. அதையும் வேள் வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. அவர் வேறு வகை. ‘கோயிற்காவலர்’ என்றால் வாசலில் நிற்பவர் போலாகிறது. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். ஞாயிறன்று வரைவைத் திருத்த உட்காருகிறேன்.