'ஃபாலன்' வினைச்சொற்களில் ஒரு சந்தேகம்

வணக்கம். ஜெர்மன் பி1 தேர்வுக்குப் படிக்கிறேன். 'ஃபாலன்' என்றால் விழுவது, சரி. முன்னொட்டு சேர்ந்ததும் பொருளே மாறிவிடுகிறது. 'அவுஃப்ஃபாலன்' கண்ணில் படுவது, 'ஐன்ஃபாலன்' சட்டென்று மனதில் தோன்றுவது, 'டுர்ஷ்ஃபாலன்' தேர்வில் தோற்பது. 'இஸ்ட் கெஃபாலன்' என்றால் விழுந்தது, 'ஹாட் கெஃபாலன்' என்றால் பிடித்திருந்தது. துணைவினையை வைத்துத்தான் பிரிக்கிறேன், அழகாக இருக்கிறது.

நான் திணறுவது 'அவுஸ்ஃபாலன்', 'எண்ட்ஃபாலன்' இரண்டிலும். ரயில் ரத்தானால் 'ஃபெல்ட் அவுஸ்' என்கிறார்கள். வகுப்பு இல்லை என்பதற்கு இரண்டுமே வருகிறது. பெயர் மறந்துபோனால் மட்டும் 'எண்ட்ஃபாலன்'. பேச்சில் எதை எங்கே சொல்வது? அப்புறம், பாழடைந்த பழைய வீட்டுக்கு 'ஃபெர்ஃபாலன்' பொருந்துமா, 'ட்ஸெர்ஃபாலன்' பொருந்துமா? ஜெர்மனியில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் ஆளுக்கொரு வாக்கியம் எழுதிக் காட்டினால் பெரிய உதவி.