குன்னூர் டீ ஃபேக்டரி விசிட்: பார்க்க வேண்டியதா, பர்ஸுக்கு வேட்டா?

கோவைக்காரன்:
போன சனிக்கிழமை குடும்பத்தோட குன்னூர் போயிட்டு வந்தோம். ஒரே நாள் ட்ரிப். இ-பாஸ் முதல் நாளே எடுத்தாச்சு, விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். சிம்ஸ் பார்க், டால்ஃபின் நோஸ் முடிச்சுட்டு மூணு மணி வாக்குல ஒரு டீ ஃபேக்டரி. பேர் வேண்டாம். டிக்கெட் வாங்கிட்டு உள்ளே போனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையா மெஷின். ஒண்ணுகூட ஓடலை. ஸ்பீக்கர்ல ஒரு குரல் மட்டும் "இப்போது நீங்கள் காண்பது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரம்"னு ஓடிட்டே இருக்கு. பத்து நிமிஷத்துல கையில ஒரு சின்ன பேப்பர் கப், ஏலக்காய் டீ. அடுத்த கதவைத் திறந்தா கடை. சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், "தோட்ட விலை"ன்னு போர்டு போட்ட டீத்தூள். வெளியே வர அந்தக் கடையை விட்டா வேற வழியே கிடையாது.

என் பையன் கேட்டான்: "அப்பா, டீ எங்கே செய்யறாங்க?"

ஆக, போகாதீங்க. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, தோட்டத்துல இறங்கி நாலு போட்டோ எடுத்துட்டு வந்தாப் போதும்.

டீமேக்கர்_ரிடையர்டு:
தம்பி, நான் 31 வருஷம் ஃபேக்டரியில் இருந்தவன். மூணு மணிக்குப் போய் மெஷின் ஓடலைன்னு சொன்னா எப்படி? பச்சை இலை மதியமும் சாயங்காலமும் எடை போட்டு வரும். வந்த உடனே அரைக்க முடியாது. 100 கிலோ இலையில் முக்கால் பங்குக்கு மேல தண்ணிதான். அதை நீளமான தொட்டியில் பரப்பி, அடியில் ஃபேன் போட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல வாட விடுவோம். ராத்திரி முழுக்க அதான் வேலை. விடியறதுக்கு முன்னாடி இலையை அரைக்கற ரோலரை ஓட்டுவோம். இலை குறைஞ்ச மாசத்துல பத்து, பதினோரு மணிக்கெல்லாம் சோலி முடிஞ்சுடும். ஏப்ரல், மேயில் இலை கொட்டும், அப்போ ராத்திரியும் ஓடும். இன்னொண்ணு: ஞாயித்துக்கிழமை இலை எடுக்காத தோட்டம்னா திங்கள் காலையில் ஃபேக்டரி காலி.

நீங்க பார்த்தது கழுவி வெச்ச பாத்திரம். சமையலைப் பார்க்கலை.

மலைப்பாதை:
ஐயா, நீங்க சொல்றது சரி. ஆனா இந்த விஷயம் டிக்கெட் கொடுக்கற கவுன்டர்ல இருக்கறவருக்குத் தெரியாதா? "இன்னிக்கு ஓட்டம் முடிஞ்சுது, நாளைக்குக் காலையில வாங்க"ன்னு ஒரு அட்டை எழுதி வெச்சா என்ன குறைஞ்சுடும்? பந்தி முடிஞ்ச பிறகு மொய் மட்டும் வாங்கிக்கிற கதையா இருக்கு. நான் கோவைக்காரன் பக்கம்.

அது போக, அங்கே விக்கறது நல்ல டீயும் இல்லை. நல்ல இலையெல்லாம் ஏலத்துக்குப் போயிடும், நமக்குக் கிடைக்கறது டஸ்ட். பேர்லயே தூசின்னு இருக்கே.

டீமேக்கர்_ரிடையர்டு:
அட்டை எழுதி வைக்கணும்ங்கறதை ஒத்துக்கறேன். டஸ்ட் விஷயத்தை ஒத்துக்க மாட்டேன்.

டஸ்ட்ங்கறது சல்லடை அளவு, அவ்வளவுதான். ஒரே இலை, ஒரே ரோலர். கடைசியில் சலிக்கும்போது பெருசா நிக்கறது ஒரு கிரேடு, பொடியா இறங்கறது டஸ்ட். சீக்கிரம் நிறம் இறங்கும், திக்கா வரும், அதனாலதான் நம்ம ஊர் டீக்கடை மாஸ்டர் அதைக் கேட்டு வாங்கறார். கழிவு வேற, அது நார். காய்ஞ்ச தூளை பி.வி.சி. உருளைக்கு அடியில ஓட்டுவாங்க. உருளை கம்பளத் துணியில உரசிச் சுத்தறதால மின்னூட்டம் ஏறும். சின்ன வயசுல சீப்பைத் தலையில தேய்ச்சுக் காகிதத்தைத் தூக்கின மாதிரி, நார் மட்டும் எகிறி அதுல ஒட்டிக்கும், தூள் அப்படியே போயிட்டே இருக்கும். புதுசா வந்த பசங்க அந்த மெஷின் கிட்டயே நின்னுடுவாங்க.

கலப்படத்துக்குப் பயப்படறீங்கன்னா, ஈரமான வடிதாள்ல கொஞ்சம் தூளைத் தூவி அஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க. சாயம் போட்டதுன்னா உடனே கறை பரவும்.

ஹட்டிப்பையன்:
உள்ளே என்ன நடக்குதுங்கறதை நீங்க பேசிக்கோங்க. "ரோட்டோரம் நிறுத்தி தோட்டத்துல இறங்கு"ன்னு எழுதினவருக்கு ஒரு வார்த்தை. அந்தத் தோட்டம் யாரோடது சார்? கோத்தகிரி பக்கம் எங்க வீட்டுக்கு ஒண்ணரை ஏக்கர். லீவு நாள்ல மூணு கார் நின்னாலே எங்க இலை நசுங்குது. செடி மேல பட்டுப்புடவையை விரிச்சு ரீல்ஸ் எடுத்த ஜோடியை நானே பார்த்தேன். பிளாஸ்டிக் பாட்டிலை மாவட்டத்துக்குள்ள தடை பண்ணி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் கவாத்து பண்ணும்போது செடிக்கு அடியில இருந்து எடுக்கறோம். காட்டெருமை அந்தப் புதருக்குள்ளதான் படுத்திருக்கும், அது எழுந்து நின்னாத்தான் உங்களுக்குத் தெரியும்.

"தோட்ட விலை" போர்டுக்கு வரேன். நாலரை, அஞ்சு கிலோ பச்சை இலை போட்டாத்தான் ஒரு கிலோ தூள். 2023-ல் கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லில் எங்க சிறு தேயிலை விவசாயிங்க உண்ணாவிரதம் இருந்தது இலைக்குக் கிலோ 33.50 ரூபாய் கேட்டு. அதுவே கிடைக்காமத்தான் உட்கார்ந்தாங்க. ஏலக்காயும் சாக்லேட் வாசனையும் சேர்த்து அழகான டப்பாவில விக்கற விலையை நீங்களே பார்த்திருப்பீங்க. அந்த போர்டுல இருக்கற "தோட்டம்" எது?

கோவைக்காரன்:
ஹட்டிப்பையன், இறங்கச் சொன்னது தப்பு. மன்னிக்கணும். அந்த வரியை எடுத்துடறேன். ஆனா விலைக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்குன்னா, ஃபேக்டரிக்குள்ள அந்த ஸ்பீக்கர் இதைச் சொல்லணுமா வேண்டாமா? அதுக்குத்தானே டிக்கெட் வாங்கினேன்?

மலைப்பாதை:
விலைக்கணக்கு கேக்கவா குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறோம்? ஒரு கூடை மாட்டி, தலையில துண்டு கட்டி, போட்டோ எடுத்தா பிள்ளைங்களுக்கு சந்தோஷம். அந்த டிரெஸ்ஸை வாடகைக்குக் கொடுக்கறவங்களுக்கும் வருமானம். என் பொண்ணு எடுத்த போட்டோதான் எங்க வீட்டு ஹால்ல இருக்கு. ஃபேக்டரியை விட அதுதான் நல்லா இருந்துச்சு.

கொழுந்துக்கூடை:
மூணு நாளா படிச்சுட்டு சும்மா இருந்தேன். இந்தப் பதிவுக்கு எழுதணும்.

எங்க தாத்தா பாட்டி இலங்கையில பதுளை பக்கம் பிறந்தவங்க. 1964 அக்டோபர் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல இந்தியா ஏத்துக்கறதாச் சொன்ன 5,25,000 பேர்ல எங்க வீட்டு ஆட்களும் உண்டு. கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. டேன்டீ, அதான் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனம், 1976-ல் கழகமா ஆனதே இப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான். ஆக, உங்க பொண்ணு மாட்டின கூடை எங்க வீட்டுல மூணு தலைமுறை இருந்த சாமான்.

கூடையோட கயிறு நெத்தியில மாட்டறது. அம்மாவுக்கு முடி ஓரமா ஒரு தழும்புக் கோடு இருக்கும், எண்ணெய் வெச்சுச் சீவினாலும் மறையாது. இடுப்புல படங்குன்னு ஒரு தடிச்ச விரிப்பைக் கட்டுவாங்க, செடி உரசிச் சேலை கிழியாம இருக்க, மழைக்கும் அதேதான். விரல் நுனி கறுத்திருக்கும், எலுமிச்சம்பழம் தேய்ச்சாலும் போகாது. இப்போ நிறையத் தோட்டத்துல கையால எடுக்கறதே குறைவு, கத்தரியும் மெஷினும் வந்தாச்சு. வாடகை டிரெஸ்ல அதெல்லாம் வராது. கலர் பாவாடை, புதுத் துண்டு, காலிக் கூடை.

போட்டோ எடுக்காதீங்கன்னு சொல்லலை. நிறைக்குள்ள, அதாவது செடி வரிசைக்குள்ள, வேலை செஞ்சுட்டு இருக்கறவங்ககிட்ட கேக்காம எடுக்காதீங்க. எடை போடற நேரம் நெருங்கும்போது "அக்கா, இங்கே பாருங்க, சிரிங்க"ன்னு நிறுத்தாதீங்க. நீங்க நிறுத்தின நிமிஷம் அவங்க கிலோவுல குறையும்.

மலைப்பாதை:
சங்கடமா இருக்குங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிக்காதீங்க. நாங்க வராமலே இருந்தா அவங்களுக்கு நல்லதா? கடையில ஒரு பாக்கெட் டீகூட வாங்காம?

கொழுந்துக்கூடை:
வாங்க. வராதீங்கன்னு யார் சொன்னா? எங்க அம்மாவுக்கே ஃபேக்டரி பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வருஷக்கணக்கா இலையைக் கொண்டு போய் எடைத்தட்டுல கொட்டினவங்க, ரோலர் ரூமுக்குள்ள போனது ஒரே ஒரு தடவை, அதுவும் ஆயுத பூஜை அன்னிக்கு. அன்னிக்கும் மெஷின் ஓடலை, பொட்டு வெச்சு மாலை போட்டு நிறுத்தியிருந்தாங்க.

டீமேக்கர்_ரிடையர்டு:
அம்மா, அது உண்மைதான். எங்க காலத்துலயும் அப்படித்தான். இப்போ யோசிச்சா வெக்கமா இருக்கு.

கோவைக்காரன் தம்பிக்கு: மறுபடி வரதா இருந்தா, எந்த ஃபேக்டரியானாலும் முதல் நாள் போன் பண்ணி "நாளைக்கு ரோலிங் எத்தனை மணிக்கு?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத இடத்துக்குப் போகாதீங்க. காலையில ஏழு மணிக்குள்ள இருந்தீங்கன்னா சி.டி.சி. பார்க்கலாம். எதிரெதிராச் சுத்தற ரெண்டு பல்லு உருளை, ஒண்ணு மெதுவா, இன்னொண்ணு அதைப்போலப் பத்து மடங்கு வேகமா. இலை உள்ளே போய் அரைச்ச கீரை மாதிரி வெளியே வரும். அங்கிருந்து ஒரு மணி நேரம், முன்னே பின்னே, பக்கத்துலயே நில்லுங்க. நொதிக்க விடறதுன்னு சொல்லுவோம், ஆனா புளிக்கறது எதுவும் இல்லை, வெட்டி வெச்ச ஆப்பிள் காத்து பட்டு நிறம் மாறற அதே சங்கதி. பச்சை மெல்ல மெல்ல செம்பு நிறத்துக்கு வரும். மோந்து பாருங்க. பச்சை வாடை போய்ப் பழ வாசனை ஏறும்போது டிரையருக்கு அனுப்பணும். கொஞ்சம் தாமதிச்சாலும் டீ சப்புனு ஆயிடும். அந்த நேரத்தைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க.

ஹட்டிப்பையன்:
வரும்போது எங்க ஹட்டி, அதாவது எங்க கிராமம், வழியா வாங்க சார். காரை ரோட்டுல நிறுத்துங்க, வரப்புல கூட்டிட்டுப் போறேன். இலையும் எடுத்துப் பார்க்கலாம் உங்க பையன். கொஞ்சமாத்தான்!

கோவைக்காரன்:
தலைப்பை மாத்த மாட்டேன். "போகாதீங்க"ங்கறதை மட்டும் "மூணு மணிக்குப் போகாதீங்க"ன்னு திருத்திடறேன். ஏழு மணிக்கு அங்கே இருக்கணும்னா வீட்டுல நாலு மணிக்கே கிளம்பணும், அதுக்குப் பையன் ரெடி, அவன் அம்மாதான் ரெடி இல்லை.

மலைப்பாதை:
அப்போ அந்த டிக்கெட் காசு?

டீமேக்கர்_ரிடையர்டு:
அதை நான் வாங்கலை தம்பி.