இடது பண்டில் பிளாக் இருப்பவருக்கு ஈசிஜியை வைத்தே இதயத் தசை தடிப்பைச் சொல்ல முடியுமா?

கேட்டவர்: மலைக்கோட்டைவாசி

அப்பாவுக்கு 67 வயது, பன்னிரண்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கண்புரை ஆபரேஷனுக்காக ஈசிஜி எடுத்தபோது இடது பண்டில் பிராஞ்ச் பிளாக் (இதயத்தின் இடது கீழறைக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளையில் அடைப்பு) இருப்பது தெரிந்தது, க்யூஆர்எஸ் (கீழறைகள் தூண்டப்படும்போது வரும் அலைத்தொகுதி) அகலம் 148 மில்லிசெகண்ட். அங்கிருந்த டூட்டி டாக்டர் கட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, வி1 என்ற மார்பு லீடில் எஸ் (கீழிறங்கும் அலை) 24 மிமீ, வி5 லீடில் ஆர் (மேலேறும் அலை) 13, மொத்தம் 37, ஆகவே தசை தடித்திருக்கிறது என்றார். எங்கள் வழக்கமான டாக்டரோ பிளாக் இருக்கும்போது அந்தக் கணக்கே பொருந்தாது என்கிறார். யார் சொல்வதை நம்புவது? அம்மா இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

பதில் 1: பொதுமருத்துவர்

முதலில் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள், இது இன்று இரவே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இல்லை. டூட்டி டாக்டர் போட்டது 1949-இல் சோகோலோவும் லயனும் சொன்ன கணக்கு, 35 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வந்தால் தடிப்பு என்பார்கள். ஆனால் அது இதயத்தின் மின்கடத்தல் சரியாக இருப்பவர்களுக்கு உரியது. சாதாரணமாக இரண்டு கீழறைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தூண்டப்படுவதால் ஒன்றின் மின்விசையை இன்னொன்று ஓரளவு ஈடுகட்டிவிடும்; இடது கிளை அடைபட்டால் மின்சாரம் வலப்பக்கத்திலிருந்து தசை வழியாகவே மெதுவாக ஊர்ந்து இடதுக்கு வருகிறது, எதிர்விசை இல்லாததால் தடிப்பே இல்லாவிட்டாலும் வி1, வி2-இல் எஸ் ஆழமாக விழும். டி அலை (க்யூஆர்எஸ்ஸுக்குப் பின் வரும் அலை) தலைகீழாவதும் அந்த பிளாக்கினாலேயே வரும், அதை 'ஸ்ட்ரெயின்' (தடித்த தசையின் சுமைக்கு அடையாளம்) என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிளாக் இருப்பவர்களுக்கென்று தனிக் கணக்குகளும் உண்டு. வி2-இன் எஸ்ஸையும் வி6-இன் ஆரையும் கூட்டினால் 45-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது ஒன்று. க்யூஆர்எஸ் 155-க்கு மேல் போய், கூடவே இடது மேலறை பெரிதான அடையாளமும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் இவை எதுவும் வராததால் தடிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிளாக்கும் தடிப்பும் சேர்ந்தே இருப்பது மிகச் சாதாரணம், அதுவும் இத்தனை வருட பிரஷருக்குப் பிறகு. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள்.

பதில் 2: ஈசிஜி டெக்னீஷியன், 14 வருடம்

டாக்டர் சொன்னதோடு ஒன்று. தாளின் ஓரத்தில் 10 மிமீ/எம்வி (ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மிமீ உயரம்) என்று இருக்கிறதா பாருங்கள், சில சமயம் அலை பெரிதாக இருந்தால் 5-இல் வைத்து எடுப்பார்கள், அப்போது எண்ணுவதெல்லாம் பாதியாகத்தான் வரும். வி1, வி2 நான்காவது விலா இடைவெளியில் ஒட்ட வேண்டும், அவசரத்தில் மேலே ஒட்டிவிடுகிறார்கள். ஒல்லியானவர்களுக்கு அலை உயரமாகவும் குண்டானவர்களுக்குச் சிறிதாகவும் தெரியும். அப்புறம், தெர்மல் தாள் மங்கிவிடும், இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த ஈசிஜியோடு ஒப்பிட அதுதான் தேவைப்படும்.

பதில் 3: வலதுபிளாக்காரி

எனக்கு வலது பண்டில் பிளாக். எனக்கும் இதே மாதிரி வி1-இன் எஸ்ஸைக் கூட்டலாமா?

பதில் 4: பொதுமருத்துவர்

உங்களுக்குச் சிக்கல் நேர் எதிர். வலது அறை கடைசியில் தனியாகத் தூண்டப்படுவதால் வி1-இன் எஸ் குறைந்துபோகும், இருக்கும் தடிப்பும் மறைந்துவிடும். அதனால் உங்களுக்கு வி1-இன் எஸ்ஸை நம்பிக் கணக்குப் போடக் கூடாது, கை கால் லீடுகளில் முக்கியமாக ஏவிஎல்-இல் ஆர் 11-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். கூடவே இடது முன்கிளையும் அடைபட்டிருந்தால் ஏவிஎல்-உம் தானாகவே உயர்ந்துவிடும், அப்போது அதையும் நம்ப முடியாது.

மலைக்கோட்டைவாசி (ஒரு வாரம் கழித்து)

எக்கோ எடுத்தாயிற்று. நடுச்சுவர் 13 மிமீ, பம்பிங் 55 சதவீதம். தடிப்பு இருக்கத்தான் செய்கிறது; ஆனால் நீங்கள் சொன்ன வி2, வி6 கணக்கில் 41-தான் வந்தது, அதை மட்டும் நம்பியிருந்தால் விட்டிருப்போம். பிரஷர் மாத்திரையை மாற்றி, வீட்டில் காலையும் மாலையும் அளந்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாதான் நோட்டு போட்டு எழுதுகிறார்.