நீலத் தொப்பிக்கு யார் காசு? ‘தோட்டத்துச் சொந்தங்கள்’ குழுவில் ஒரு ஞாயிறு

செந்தில் மாமா, திருப்பூர்: (படத்தோடு பலமுறை பகிரப்பட்டது) நேபாளத்தில் அமெரிக்க ராணுவம் இறங்கியது!! இந்தியாவுக்கு ஆபத்து!! எல்லாருக்கும் பகிரவும்!! 🚨

ராசாத்தி அத்தை: ஐயையோ, நம்ம மில் வாட்ச்மேன் தம்பி இப்பத்தானே ஊருக்குப் போனான்? அவன் அண்ணன் வேற அங்கே பட்டாளத்தில் இருக்கிறானாம்.

மணி சித்தப்பா: பதறாதே அம்மணி. படத்தைப் பெரிதாக்கிப் பாரு. சண்டைக்குப் போகிறவன் எவனாவது நீலத் தொப்பி போடுவானா? பேனரில் ‘சாந்தி பிரயாஸ்’ என்று இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நேபாளத்தில் பஞ்ச்கால் என்ற ஊரில் நடந்த ஐ.நா. அமைதிகாப்புப் பயிற்சி. 19 நாட்டுப் படைகள் வந்தன. அப்போது பிரதமராக இருந்த பிரசண்டாதான் தொடங்கி வைத்தார்.

செந்தில் மாமா, திருப்பூர்: சரிங்க மச்சான், அதில் அமெரிக்காக்காரனுக்கு என்ன வேலை?

மணி சித்தப்பா: செலவுக்குக் காசு கொடுத்தவன் அவனுங்க.

கோபி பெரியப்பா: அதானே பார்த்தேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

கவிதா: பெரியப்பா, அதற்கென்றே அமெரிக்கா 2004-இல் ஒரு திட்டம் போட்டது. ஜி-8 மாநாட்டில் பேசி முடிவெடுத்தது. ஐந்தாறு வருடத்தில் 75,000 பேருக்குப் பயிற்சி கொடுப்பது இலக்கு, அதிலும் ஆப்பிரிக்கப் படைகளுக்கு முன்னுரிமை. தன் பிள்ளைகளை அனுப்பாமல் மற்ற நாட்டுச் சிப்பாய்களைத் தயார் செய்தால் போதும் என்பதுதான் கணக்கு. சோமாலியாவில் 1993-இல் பட்ட அடிக்குப் பிறகு ஐ.நா. பணிக்கு அவர்கள் பெரும்பாலும் பெரிய படை அனுப்புவதில்லை.

கோபி பெரியப்பா: காசு அவனுது, உயிர் அடுத்தவனுது. நல்ல பண்ணையம்.

ராசாத்தி அத்தை: காதுகுத்துக்கு வாழை இலை யார் எடுத்து வருகிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டு அப்புறம் அமெரிக்காவைப் பாருங்கள்.

மணி சித்தப்பா: நான் எடுத்து வருகிறேன். அண்ணா, நேபாளத்துக்காரனும் ஏமாளி இல்லை. அமெரிக்கா அவர்கள் ராணுவத்தோடு நீண்ட காலக் கூட்டு வைக்க ஒரு திட்டம் இருந்தது. 2022-இல் ஊரே எதிர்த்தது, அரசாங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதே அமெரிக்காவோடு இரண்டே வருடத்தில் பஞ்ச்கால் பயிற்சியையும் நடத்திக்கொண்டார்கள். எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரிந்தவர்கள்.

ராசாத்தி அத்தை: வாட்ச்மேன் தம்பியும் சொல்லுவான், அண்ணன் ஐ.நா. படையில் லெபனான் போய் வந்துதான் வீட்டுக்கு மாடி எடுத்தானாம்.

கவிதா: ஆமாங்க அத்தை. ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் ஐ.நா. அந்த நாட்டு அரசுக்குக் கொடுக்கிறது. அமெரிக்கச் சம்பளத்துக்கு அது காணாது. நேபாளத்துக்கும் பங்களாதேஷுக்கும் பெரிய தொகை. அதனால்தான் அதிகம் அனுப்புகிற நாடுகளில் இந்த இரண்டும் எப்போதும் முன்னால் நிற்கின்றன.

கோபி பெரியப்பா: அமைதிப்படை என்றாலே எனக்கு 1987-தான் ஞாபகம். யாழ்ப்பாணம் போய் ஆயிரத்துக்கு மேல் நம் பையன்கள் செத்தார்கள். அந்த மண்ணில் செத்த தமிழனுக்குக் கணக்கே இல்லை.

மணி சித்தப்பா: அதில் ஐ.நா. கிடையாதுங்க அண்ணா. இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. நடுவில் நிற்கப் போனவன் ஒரு பக்கத்தோடு சண்டைக்காரன் ஆகிவிட்டான். நான் பட்டாளத்தில் இருந்தபோது ஐ.நா. பணிக்குக் காங்கோ போவதற்கு முன் டெல்லியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான், எவன் பக்கமும் சாயாதே.

கவிதா: என்னதான் பயிற்சி சித்தப்பா? அதைச் சொல்லுங்க.

மணி சித்தப்பா: சுடுவதற்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை கண்ணு. சுடாமல் நிற்பதற்குத்தான். கயிறு கட்டி ஒரு செக்போஸ்ட். உள்ளூர் ஆட்களையே அகதி மாதிரி நடிக்க வைப்பார்கள். ஒரு அம்மா துணியில் பொம்மையைச் சுற்றிக்கொண்டு ‘பிள்ளைக்கு மூச்சில்லை, விடு’ என்று கத்தும். பின்னால் நாலு பேர் கல் எடுப்பான். அந்தக் கூட்டத்திலேயே ஒருத்தன் கத்தி வைத்திருப்பான். எப்போது துப்பாக்கியைத் தூக்கலாம் என்று எழுதிய சின்ன அட்டை நம் சட்டைப் பையில். ஓரமாக நடுவர் நின்று மார்க் போட்டுக்கொண்டே இருப்பார். நான் முதல் தடவை அந்த அம்மாவை உள்ளே விட்டேன், கத்திக்காரனும் சேர்ந்து நுழைந்துவிட்டான் 😄

மணி சித்தப்பா: இன்னொன்று. பக்கத்து நாட்டுக்காரனின் வயர்லெஸ் பேச்சு நமக்குப் புரியாது, நம்முடையது அவனுக்குப் புரியாது. அடிபட்டவனைத் தூக்க ஹெலிகாப்டர் கேட்கும்போது ஒருத்தன் ஒரு மாதிரி சொன்னால் ஆள் போய்விடுவான். அதைச் சரி செய்யவாவது சேர்ந்து பழகத்தான் வேண்டும். 2021-இல் பங்களாதேஷில் நாம், பூட்டான், இலங்கை எல்லாம் அவர்களோடு சேர்ந்து செய்தோம்.

கோபி பெரியப்பா: இலங்கை ராணுவத்துக்கு அமைதிப் பயிற்சியா! நல்லாத்தான் இருக்கிறது.

கவிதா: நீங்கள் கேட்பது நியாயம்தான் பெரியப்பா. 2007-இல் ஹைட்டியில் பாலியல் புகாரில் இலங்கைச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஐ.நா. திருப்பி அனுப்பியது. 2019-இல் போர்க்குற்றப் புகார் உள்ள சவேந்திர சில்வாவை இலங்கை ராணுவத் தளபதியாக்கியபோது, மிகவும் தவிர்க்க முடியாத இடம் தவிர இனி இலங்கை ராணுவத்தை எடுக்க மாட்டோம் என்றும் சொன்னது. மனித உரிமையை மீறிய படைப்பிரிவுக்கு உதவி செய்யக் கூடாது என்று அமெரிக்காவிலும் சட்டம் இருக்கிறது. அந்தச் சல்லடை நேராகச் சலித்தால் இந்தக் காசால் பிரயோசனம் உண்டு. ஆள் பார்த்துச் சலித்தால் நீங்கள் சொன்ன குடுமிதான்.

கோபி பெரியப்பா: இது பேச்சு. நாம் யாரிடமும் கை நீட்டவில்லை அல்லவா?

மணி சித்தப்பா: இல்லைங்க. இதுவரை 2,90,000 பேருக்கு மேல் அனுப்பியிருக்கிறோம், டெல்லியில் சொந்தமாகப் பயிற்சி மையமும் இருக்கிறது. இன்னொரு விஷயம், ஆப்பிரிக்காவுக்கு நாமும் பயிற்சி கொடுக்கிற வெளிநாடுதான். 2019-லும் 2023-லும் ஆப்பிரிக்க ராணுவங்களைப் புனேவுக்கு அழைத்துப் பயிற்சி நடத்தினோம். இரண்டாவது தடவை அவர்கள் தளபதிகளும் வந்தார்கள், நம் நாட்டில் செய்த ஆயுதம், வண்டி எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினோம்.

செந்தில் மாமா, திருப்பூர்: அடடே, சாம்பிள் காட்டி ஆர்டர் பிடிக்கிற வேலை! இது எனக்கு நல்லாப் புரியுது மச்சான்.

கோபி பெரியப்பா: நாம் செய்தாலும் குடுமி குடுமிதான் மணி.

மணி சித்தப்பா: நான் இல்லைன்னு சொல்லலைங்க அண்ணா.

செந்தில் மாமா, திருப்பூர்: அதை விடுங்க. அந்த நீலத் தொப்பி, உள்ளே போடுகிற பனியன் எல்லாம் எங்கே வாங்குகிறார்கள்?

கவிதா: ஐ.நா.வுக்குச் சரக்கு விற்கிறவர்கள் பதிவு செய்யத் தனி இணையதளம் இருக்குங்க மாமா. பதிவுக்குக் காசு இல்லை.

செந்தில் மாமா, திருப்பூர்: லிங்க் அனுப்பு அம்மணி. இங்கே வேண்டாம், தனியா அனுப்பு.