தாம்பரம் கிழக்கில் ஷேர் ஆட்டோவைத் தடுக்கும் மனு: கையெழுத்திடலாமா?

சேலையூர்வாசி:

எங்கள் பகுதி நலச்சங்கத்தினர் ஒரு மனுவுடன் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்குகிறார்கள். தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் தொடங்கி கேம்ப் ரோடு சந்திப்பு வரை வேளச்சேரி சாலையில் ஷேர் ஆட்டோக்கள் நின்று ஆள் ஏற்றுவதைத் தடுக்க வேண்டும், அதே சாலையில் கூடுதல் பேருந்துகளை விட வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகள் அதில் உள்ளன. நான் கையெழுத்திட்டுவிட்டேன். ஆனால் எதிர்வீட்டுக்காரர் மறுத்துவிட்டார் என்பதால், மறுப்பவர்களின் வாதம் என்னவென்று அறிந்துகொள்ள இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் வாதம் இதுதான். மாலை ஆறரை மணிக்குச் சேலையூர் நிறுத்தத்தில் நான்கு ஷேர் ஆட்டோக்கள் சாலையோரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஓரம் கிடைக்காத பேருந்து நடுச்சாலையில் நிற்கும். முழங்கால் வலி உள்ள என் மனைவி இரண்டு ஆட்டோக்களுக்கு இடையே உள்ள சந்தில் நுழைந்து, இருசக்கர வாகனம் எதுவும் வருகிறதா என்று திரும்பிப் பார்த்து, படியில் ஒரு காலை வைப்பதற்குள் நடத்துநர் விசில் கொடுத்துவிடுவார். அறுபது பேர் ஏறும் பேருந்து, ஆறேழு பேர் ஏறும் வண்டிகளுக்காக ஓரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

அகரம்தென் ரோடு:

மறுத்த எதிர்வீட்டுக்காரர் நானில்லை, ஆனால் என்னிடம் வந்திருந்தால் நானும் மறுத்திருப்பேன்.

தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். கடையை அடைத்து, பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கிவிட்டு, மாம்பலத்தில் ரயில் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கும்போது மணி பத்தைத் தொட்டுவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும், அடையாளம் தெரிவதற்காக 2022-ல் அந்தப் பேருந்துகளின் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நிறத்தை எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுகொள்வேன். இருந்தும் தினமும் இருபது ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில்தான் போகிறேன். மாதம் முழுவதும் ரயிலில் போய்வரும் சீட்டுக்கு நான் கொடுக்கும் தொகை, ஷேர் ஆட்டோவில் ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. அப்படிக் கொடுக்க எனக்கு ஆசையா என்ன? அந்த நேரத்தில் வெளிச்சத்தோடு நிற்பதும், "அக்கா, இன்னும் ரெண்டு பேர் வந்தா எடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டுச் சொன்னபடி எடுப்பதும் அந்த வண்டிதான். பேருந்து வரும் என்ற நம்பிக்கையில் முதலில் இதை நிறுத்திவிட்டால், வராத நாளில் நான் எப்படி வீடு போவேன் என்று மனுவில் ஒரு வரி எழுதியிருக்கிறதா ஐயா?

பழைய நடத்துநர்:

அம்மா கேட்பது சரியான கேள்விதான், அதற்கு மனுவில் பதில் இருக்காது. ஆனால் அந்தப் பத்து மணிப் பேருந்து ஏன் இல்லாமல் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பேருந்தில் பல ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாம்பரம் வட்டாரத்து வழித்தடங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன்.

ஒரு வண்டி ஒரு நாளைக்கு இத்தனை நடை ஓட வேண்டும் என்று அட்டவணை இருக்கும். எல்லா நடைக்கும் வசூல் ஒன்றுபோல் வராது. காலை எட்டிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து எட்டு, இந்த நேரத்து நடைகள்தாம் மதியம் காலியாக ஓடுவதையும் இரவில் பத்துப் பேரோடு போவதையும் சேர்த்துச் சுமக்கும். ஷேர் ஆட்டோ எங்களுக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஓடும். எங்கள் வண்டி கண்ணாடியில் தெரியும் வரை நிறுத்தத்தில் நிற்பார்கள், தெரிந்ததும் அங்கே நின்றவர்களை வழித்து ஏற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போவார்கள். கேம்ப் ரோட்டுக்கு நான் போய்ச் சேரும்போது, விற்ற சீட்டுகளைக் கணக்கெழுதும் தாளான வே-பில்லில் எழுத எதுவும் இருக்காது. இப்படி ஆறு மாதம் வசூல் இறங்குமுகமாக இருந்தால் முதலில் வெட்டப்படுவது எது? மாலை நடையை வெட்ட மாட்டார்கள். இரவின் கடைசி நடையைத்தான் வெட்டுவார்கள். ஆக, அந்த அம்மாவின் பேருந்தைப் பிடுங்கியவர்களே இன்றைக்கு அவரை வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

மூன்று சக்கரம்:

நான் அந்தச் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன், எங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் எங்களில் ஒருவனும் இருக்கட்டும்.

நடத்துநர் ஐயா சொன்ன கணக்கில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை, ஏனென்றால் எங்கள் கணக்கும் அதுவேதான். மாலையில் இடைவிடாமல் ஆள் ஏறுவதால்தான் இரவு பத்து மணிக்கு நான்கு பேரோடு வண்டியை எடுக்க முடிகிறது. நான்கு பேர் கொடுக்கும் எண்பது ரூபாயில், காலியாகத் திரும்பி வரும் டீசலைக் கழித்தால் மிஞ்சுவதில் வண்டித் தவணை கட்ட முடியுமா? மாலை ஓட்டத்தைத் தடுத்தால் இரவு ஓட்டம் தானாக நின்றுவிடும். மனுவில் கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறவர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கட்டணமில்லாப் பயணம் வந்தபின், நெடுக உள்ள பெரிய நிறுத்தங்களில் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் பெரும்பாலும் பேருந்துக்குப் போய்விட்டார்கள். அதில் வருத்தமில்லை, என் வீட்டுப் பெண்களும் அதில்தான் போகிறார்கள். ஆனால் ஐயா சொல்லும் "வழித்து ஏற்றும்" காலம் 2021-க்கு முந்தையது. இப்போது எங்கள் பிழைப்பு கேம்ப் ரோட்டில் வலதுபக்கம் திரும்பியபின் உள்ள தெருக்களில் இருக்கிறது. விடியற்காலை ஓட்டம் புதிதாகச் சேர்ந்தது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்களே, அன்றிலிருந்து தென்மாவட்டத்துப் பேருந்துகளில் வந்தவர்கள் நாலரை மணிக்கே தாம்பரத்தில் அரிசி மூட்டையும் முருங்கைக்காய்க் கட்டுமாக நிற்கிறார்கள். அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போவதற்கும் என் வண்டியில் இடம் உண்டு.

பழைய நடத்துநர்:

2021-க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது என்பதை ஏற்கிறேன். பெண்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டு கொடுத்தாலும் அந்தத் தொகையை அரசு மானியமாகத் தருகிறது. ஆகவே வசூல் குறைந்தால் நடை குறையும் என்று நான் சொன்னது முன்னைப்போல் நேர்கோடாக இனிப் பொருந்தாது. ஆனால் சட்டம் மாறவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு வகை ஊர்திகளைப் பிரிக்கிறது. வழிநெடுக நிறுத்தி, ஆளுக்கு ஆள் கட்டணம் வாங்கி ஏற்றி இறக்குவது ஒரு வகை. பேருந்து அது, ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டிதான் அந்த வகையில் சேரும். ஒப்பந்த ஊர்தி இன்னொரு வகை. அது ஓரிடத்தில் ஏற்றியவர்களை இன்னோரிடத்தில் இறக்கலாம், ஒப்பந்தத்தில் இல்லாதவர்களை நடுவழியில் ஏற்றவோ இறக்கவோ கூடாது. ஷேர் ஆட்டோ பர்மிட் வாங்குவது ஒன்றுக்கு, ஓடுவது மற்றொன்றாக.

மூன்று சக்கரம்:

அதே சட்டத்தில், பன்னிரண்டு பேர் வரை ஏற்றும் மேக்ஸி கேப் தனித்தனியாகக் கட்டணம் வாங்கினாலும் ஒப்பந்த ஊர்தியாகவே கொள்ளப்படும் என்றும் இருக்கிறது. அதாவது, பங்கு போட்டுப் போவதைச் சட்டம் குற்றமாகப் பார்க்கவில்லை. வழியில் நிறுத்துவதுதான் சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று பேர் மட்டும் ஏற்றும் ஆட்டோ, தான் செய்வதற்குப் பொருத்தமான பர்மிட்டைக் கேட்டாலும் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லையே. ஆறு பேருக்கு மேல் இருந்தால்தான் அந்த வகை என்று நீங்களே சொல்கிறீர்கள். இருக்கிற சட்டப்படி நாங்கள் எதை வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நாளைக்கே வரிசையில் நிற்கிறேன்.

சேலையூர்வாசி:

மூன்று பேருக்கு அனுமதி பெற்ற வண்டியில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவரைப் பாதி இடுப்போடு தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்கள் பர்மிட்டுக்கு ஏங்குவதாகச் சொல்வதைக் கேட்க வியப்பாக இருக்கிறது. விபத்து நடந்தால் அந்த நான்கு பேருக்கு இழப்பீடு யார் தருவார்கள்?

மூன்று சக்கரம்:

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை ஐயா. முன்னால் ஆள் உட்காரக் கூடாது என்று நானே எங்கள் ஸ்டாண்டில் சொல்லிப் பார்த்தேன். நான் ஏற்றாவிட்டால் பின்னால் நிற்பவர் ஏற்றுகிறார்.

மாடம்பாக்கம் கோயில் தெரு:

இருவரும் பெரிய சாலையையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேருந்தும் ஷேர் ஆட்டோவும் முட்டிக்கொள்வது தாம்பரத்துக்கும் கேம்ப் ரோட்டுக்கும் இடையே உள்ள கொஞ்ச தூரத்தில்தான்; ராஜகீழ்ப்பாக்கத்திலோ கேம்ப் ரோட்டிலோ பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பிவிட்டால் போட்டியே கிடையாது, ஏனென்றால் அங்கே பெரிய பேருந்து திரும்ப இடமில்லை. சென்னையில் 2013 அக்டோபரில் 'எஸ்' என்ற எழுத்தோடு சிற்றுந்துகளை விட்டார்களே, அது இதற்கென்றே வந்த யோசனை. (அதன் பக்கவாட்டில் வரைந்த இலை வெறும் இலையா, கட்சிச் சின்னமா என்று வழக்கு நடந்ததுதான் பலருக்கு நினைவிருக்கும், வண்டி எந்தத் தெருவில் ஓடியது என்று கேட்டால் விழிப்பார்கள்.) 2025 ஜூன் மாதம் தனியாருக்கான புதிய சிற்றுந்துத் திட்டமும் தொடங்கியது. மனு எழுதுவதென்றால் "கூடுதல் பேருந்து" என்று மொட்டையாகக் கேட்காமல், சிற்றுந்து வேண்டும், இந்தத் தெரு வழியாக வேண்டும், கடைசி வண்டி தாம்பரத்திலிருந்து பத்தேகாலுக்குப் புறப்பட வேண்டும் என்று கேளுங்கள். இப்போது ஓடும் ஷேர் ஆட்டோக்காரர்களே நான்கைந்து பேர் சேர்ந்து அப்படி ஒரு வண்டி எடுத்து ஓட்ட முடியாதா என்பதும் என் கேள்வி.

மூன்று சக்கரம்:

பேசிப் பார்க்கலாம். ஆனால் ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால் புறப்படும், சிற்றுந்து நேரத்துக்குப் புறப்பட வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதற்கே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய நடத்துநர்:

தம்பி, ஆள் நிரம்பாமல் வண்டி எடுப்பது எவ்வளவு கசப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனால் நேரத்துக்குப் புறப்படுவதால்தான் பேருந்துக்கு ஆள் காத்திருக்கிறார்கள். இன்றைக்கு மூன்று பேரோடு பத்தேகாலுக்கு எடுத்தால், வண்டி எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் அடுத்த மாதம் எட்டுப் பேர் நிற்பார்கள். அந்த ஒரு மாதத்துக் கைநட்டத்தை யார் தாங்குவது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தனியாரால் தாங்க முடியாதென்றால் அரசு தாங்க வேண்டும். பேருந்தை அரசு நடத்துவதற்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

சேலையூர்வாசி:

நான் தொடங்கியபோது இருந்த உறுதி இப்போது எனக்கு முழுதாக இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நிறுத்தத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் எந்த ஆட்டோவும் நிற்கக் கூடாது என்பதில் மாற மாட்டேன். முழங்கால் வலியோடு நடுச்சாலையில் ஏறுபவர்களுக்கு உங்கள் பொருளாதாரம் எதுவும் உதவாது. நலச்சங்கத்தில் பேசி, இரண்டு கோரிக்கைகளையும் இரண்டு தாளாகப் பிரிக்கச் சொல்கிறேன். முதல் தாளில் தடை என்ற சொல்லை எடுத்துவிட்டு, நிறுத்தத்தைத் தாண்டித் தனி இடம் குறிக்க வேண்டும் என்று எழுதலாம். இரண்டாம் தாளில் கோயில் தெரு நண்பர் சொன்ன சிற்றுந்தும் அதன் நேரமும் இருக்கட்டும்.

மூன்று சக்கரம்:

இடத்தைத் தாம்பரம் வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் குறித்தால் எங்கள் ஸ்டாண்டில் நானே பேசுகிறேன். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் ஒருவரும் போக மாட்டார்கள், நானும்தான்.

அகரம்தென் ரோடு:

இரண்டாம் தாளுக்குக் கையெழுத்திடுகிறேன். முதல் தாளில் இடம் எங்கே என்று எழுதிய பிறகு அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு, அதனால் வீட்டுக்கு வருவதென்றால் எந்த நாளானாலும் இரவு பத்தரைக்கு மேல் வரச் சொல்லுங்கள்.