சோதிக்காமல் கொள்கை வகுக்கக் கூடாதா?

தரவுத்தாசன் எழுதியது:

பொதுப்பணத்தில் ஒரு திட்டம் வருவதற்கு முன் அதைக் குலுக்கல் முறையில் சோதித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. கல்வி, மருத்துவம், பொருளாதாரம் எதுவானாலும் சரி. யாருக்குத் திட்டம், யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். மற்றதெல்லாம் அபிப்பிராயம்தான்.

கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் பல காலம் நம்பினார்கள். மாத்திரை எடுத்த பெண்களையும் எடுக்காதவர்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் அப்படித்தான் காட்டின. ஆனால் மாத்திரை எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களுடைய நல்ல ஆரோக்கியம் மாத்திரையின் கணக்கில் ஏறிவிட்டது. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனையை 2002இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு மூன்றுமே மாத்திரை எடுத்தவர்களுக்குக் கூடுதலாக வந்தன. அந்தச் சோதனை நடக்காமல் போயிருந்தால் இன்னும் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

வகுப்பறைவாசி எழுதியது:

தாசன் சார், மருந்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். நான் பாடம் நடத்துகிறவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்வித் துறையில் இதுவரை நடந்த குலுக்கல் சோதனைகளில் மிகவும் பேசப்பட்டது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கியது. நாலு வருடம் நடந்தது. சில வகுப்புகளில் 13 முதல் 17 பிள்ளைகள், மற்றவற்றில் 22 முதல் 25. பிள்ளைகளை மட்டுமல்ல, ஆசிரியர்களையும் குலுக்கித்தான் ஒதுக்கினார்கள். சிறிய வகுப்பில் படித்தவர்கள் தெளிவாக முன்னேறினார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். நீங்கள் கேட்கும் தரத்தில் ஒரு குறையும் இல்லாத ஆய்வு.

1996இல் கலிபோர்னியா அதையே மாநிலம் முழுக்க அமல்படுத்தியது. தொடக்க வகுப்புகளில் 30 பேர் இருந்த இடத்தில் 20 பேர். ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் புது ஆசிரியர்கள் வேண்டும். எங்கே போவது? முழுத் தகுதிச் சான்று இல்லாதவர்களை எடுத்தார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் வசதியான பகுதிப் பள்ளிகளில் புதிதாக உண்டான இடங்களுக்கு மாறிப் போனார்கள். இசை அறையும் நூலகமும் வகுப்பறை ஆயின. கடைசியில், டென்னசியில் எந்தப் பிள்ளைகளுக்கு அதிக நன்மை கிடைத்ததோ அதே ஏழைப் பிள்ளைகளுக்குக் கலிபோர்னியாவில் பழக்கமில்லாத ஆசிரியர்தான் கிடைத்தார். பிறகு வந்த மதிப்பீடுகளில் டென்னசி அளவுக்குத் தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை.

சோதனையில் பிழை இல்லை. அதை நம்பி எடுத்த முடிவில்தான் பிழை.

தரவுத்தாசன் எழுதியது:

அது எப்படிச் சோதனைக்கு எதிரான வாதம் ஆகும்? கலிபோர்னியாவும் முதலில் சில மாவட்டங்களில் மட்டும் குலுக்கல் முறையில் தொடங்கியிருந்தால், ஆசிரியர் தட்டுப்பாடு முதல் வருடத்திலேயே தெரிந்திருக்கும். ஒரே நாளில் எல்லாப் பள்ளிக்கும் அறிவித்ததால் ஒப்பிட ஆளே இல்லாமல் போய்விட்டது.

வகுப்பறைவாசி எழுதியது:

சில மாவட்டங்களில் மட்டும் தொடங்கியிருந்தால் தட்டுப்பாடே வந்திருக்காது சார். பக்கத்து மாவட்டத்திலிருந்து நல்ல ஆசிரியர்களை இழுத்துக்கொண்டிருப்பார்கள், சோதனையும் வெற்றி என்று அறிக்கை வந்திருக்கும். எல்லா இடத்திலும் ஒன்றாகச் செய்யும்போது மட்டும் வருகிற சிக்கல் சிறிய சோதனையில் எப்படித் தெரியும்?

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். இருவரும் மருத்துவத்தைத் தீர்ந்துபோன விஷயம் போல ஓரமாக வைத்துவிட்டீர்கள், அதனால் வருகிறேன்.

தாசன் சார் சொன்ன ஹார்மோன் சோதனையில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆன பெண்கள்தான் அதில் ஏராளம். ஆனால் செய்தி வந்ததும் ஐம்பது வயதில் உடல் கொதிப்பாலும் தூக்கமின்மையாலும் தவிக்கும் பெண்களுக்கும் மாத்திரை நிறுத்தப்பட்டது, அல்லது அவர்களே பயந்து நிறுத்திக்கொண்டார்கள். பின்னால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஐம்பதுகளில் இருப்பவர்களுக்கு ஆபத்தின் அளவு வேறாக இருந்தது. இன்று வழிகாட்டு நெறிகள் அவர்களுக்கு அந்தச் சிகிச்சையை அனுமதிக்கின்றன. அப்படியானால் 2002இல் வந்த விடை யாருக்கானது? சோதனையில் இருந்தவர்களுக்கானது.

இன்னொன்று. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பிரிட்டனில் நடத்திய சோதனை 1948இல் வெளிவந்தது. இந்த முறைக்கே அதுதான் முன்னோடி என்பார்கள். ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். அதோடு படிப்பதை நிறுத்துகிறவர்கள் அதிகம். கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டது, ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் மருந்து பெற்றவர்களிலும் பாதிக்கு மேல் உயிரோடு இல்லை. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நிலை மாறியது. கிருமிக்கு இந்த எதிர்ப்புத்திறன் உருவானதை 1948 அறிக்கையே எழுதியிருக்கிறது, அது அந்த ஆய்வாளர்களின் நேர்மை. ஆறு மாதத்தோடு கணக்கை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

எல்லைக்கோடு எழுதியது:

பன்னாட்டு உறவுகள் படித்தவன் என்ற முறையில் கேட்கிறேன். போரை எப்படிக் குலுக்குவது? பொருளாதாரத் தடையை எந்த நாட்டின் மேல் போடலாம் என்று சீட்டு எடுப்பார்களா? தாசன் அவர்களின் விதிப்படி எங்கள் துறை முழுக்க அபிப்பிராயம்தான் என்று ஆகிவிடும்.

தரவுத்தாசன் எழுதியது:

ஆமாம், பெருமளவு அப்படித்தான் இருக்கிறது! தடைகளையே எடுத்துக்கொள்வோம். ஹஃப்பாயர், ஷாட், எலியட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1914 முதல் 1990 வரை 115 தடைகளைத் தொகுத்து, அவற்றில் 40 வெற்றி என்றார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல். அதை நம்பி எத்தனையோ பேர் பேசினார்கள். 1997இல் ராபர்ட் பேப் என்ற அரசியல் அறிவியலாளர் அதே 40ஐயும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். 18இல் காரியத்தை முடித்தது படைபலம், தடை இல்லை. இன்னும் சிலவற்றில் எதிர்நாடு பணிந்ததாகவே தெரியவில்லை. மிஞ்சியது ஐந்து. ஒரே பட்டியலிலிருந்து ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 5 என்றால் அதை எப்படி அறிவு என்று சொல்வது?

பொருளாதாரத்திலும் இதே கதைதான். ரெய்ன்ஹார்ட், ரோகோஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2010இல் எழுதிய கட்டுரை, அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் என்றது. செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் மறுபடி கணக்கிட்டபோது 2.2 சதவீதம் வந்தது.

எல்லைக்கோடு எழுதியது:

நீங்கள் காட்டிய இரண்டு உதாரணங்களிலும் பிழை எப்படி வெளிப்பட்டது என்று பாருங்கள். ஒன்றிலாவது குலுக்கல் சோதனை உண்டா?

பேப் செய்தது வரலாற்றுப் படிப்பு. ஒவ்வொரு வழக்கிலும் யார் எப்போது பணிந்தார், அதற்கு முன் என்ன நடந்தது என்று ஆவணத்தை வைத்துத் தேடினார். எங்கள் துறை தன்னைத் தானே திருத்திக்கொண்டது.

ரெய்ன்ஹார்ட், ரோகோஃப் கதையில் திருப்பம் வந்தது அவர்கள் தங்கள் எக்செல் கோப்பை அந்த மாணவருக்கு அனுப்பியபோது. திறந்து பார்த்தால் சராசரி எடுக்கும் சூத்திரம் 49ஆம் வரி வரை போக வேண்டியது, 44ஆம் வரியிலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கிலேயே சேரவில்லை. அதைவிடப் பெரிய கோளாறு, சராசரி எடுக்கும்போது நாடுகளுக்குக் கொடுத்த எடை. நியூசிலாந்தின் 1951ஆம் ஆண்டு ஒன்றும், பிரிட்டனின் 19 ஆண்டுகளும் சம எடை பெற்றிருந்தன. கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் வரி எண் தெரியாது, கோப்பைப் பார்த்தால்தான் தெரியும். எனவே என் கோரிக்கை வேறு: எந்த முறையில் செய்தாலும் தரவையும் கணக்கையும் எல்லோருக்கும் திறந்து வையுங்கள். குலுக்கல் செய்துவிட்டுக் கோப்பைப் பூட்டி வைத்தால் எனக்கு அதில் நம்பிக்கை வராது.

வகுப்பறைவாசி எழுதியது:

கோப்பைத் திறப்பது சரி. ஆனால் என் கேள்விக்கு அது விடை ஆகாது. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரே திட்டம், அதே சம்பளம். சில பள்ளிகளில் தொண்டு நிறுவனம் நடத்தியது, சிலவற்றில் அரசு நடத்தியது. தொண்டு நிறுவனம் நடத்திய இடத்தில் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது. அரசு நடத்திய இடத்தில் பலன் பூஜ்யம். சம்பளம் தாமதம், சங்கப் போராட்டம், கண்காணிப்பு இல்லாமை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. நாடு முழுக்க நடத்தப் போவது யார்? அரசுதான். அப்படியானால் நாம் இத்தனை நாள் படித்த வெற்றி அறிக்கைகளில் எத்தனை, நடத்திய ஆட்களின் வெற்றி?

தரவுத்தாசன் எழுதியது:

அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததே குலுக்கல் சோதனை! அது இல்லாவிட்டால் அரசு நடத்தினால் என்ன ஆகும் என்று நீங்களும் நானும் ஊகித்துக்கொண்டு இருந்திருப்போம்.

அதே கென்யாவில் கொசுவலைக்கு என்ன விலை வைக்கலாம் என்றும் சோதித்தார்கள். இலவசமாகக் கொடுத்தால் மக்கள் மதிக்க மாட்டார்கள், உபயோகிக்க மாட்டார்கள் என்று பெரிய பெரிய ஆட்கள் அடித்துச் சொன்ன காலம் அது. கர்ப்பிணிகள் வரும் கிளினிக்குகளில் வலையின் விலையைப் பூஜ்யத்திலிருந்து 60 அமெரிக்க சென்டுக்கு உயர்த்தியதும், வாங்குகிறவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளி சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்களும் காசு கொடுத்தவர்களுக்குச் சமமாகவே வலையைக் கட்டிப் படுத்தார்கள். அனுபவசாலிகளின் பேச்சைக் கேட்டிருந்தால் எத்தனை குழந்தைகளுக்கு மலேரியா வந்திருக்கும்?

இரவுப்பணி எழுதியது:

கொசுவலை ஆய்வு எனக்கும் பிடித்தமானது. அது பரவலாக எடுபட்டதற்குக் காரணம், காசு கையில் இல்லாதவர் வாங்க மாட்டார் என்பது பல நாடுகளில் ஒன்றுபோல இருப்பது. ஆசிரியர் நியமனம் அப்படி இல்லை. அது நிர்வாகத்தைச் சார்ந்தது, நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே ஒரு சோதனையை இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போகும் முன் எது மாறாது, எது மாறும் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் அந்த இடத்தில் வேலை செய்கிற ஆள். அவரை அபிப்பிராயம் என்று தள்ளிவிட்டால் உங்கள் சோதனையும் பாதியில் நின்றுவிடும், தாசன் சார்.

தரவுத்தாசன் எழுதியது:

களத்தில் இருப்பவரை நான் தள்ளவில்லை மேடம். அவர் சொல்வதையும் சோதனைக்குள் கொண்டுவாருங்கள் என்கிறேன். அரசே நடத்தட்டும், ஐந்து வருடம் பின்தொடரட்டும், கோப்பும் திறந்திருக்கட்டும். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒப்பிட ஒரு குழு வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எல்லைக்கோடு எழுதியது:

எங்களுக்கு அந்தக் குழு எப்போதும் கிடைக்காது. இருந்தாலும் நாளைக்கே ஒரு நாட்டின் மேல் தடை போடலாமா என்று யாராவது எங்களிடம் கேட்கத்தான் போகிறார்கள், பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாது. அந்த நேரத்தில் எந்தத் தரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று உங்கள் விதியில் ஒரு வரிகூட இல்லை, தாசன். அதை எழுதுங்கள், தொடர்ந்து பேசலாம்.