ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு: எதை எங்கே போடுவது?

கேள்வி: கடலோரம், வெள்ளவத்தை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை ஸ்பானிஷ் படிக்கலாம் என்று காலி வீதியில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதம் ஆகிறது. நிகழ்காலம் ஓரளவு வந்துவிட்டது. இறந்தகாலத்தில் வந்து நிற்கிறேன்.

'கதைத்தேன்' என்பதற்கு 'ஆப்லே' என்றும் வருகிறது, 'ஆப்லாபா' என்றும் வருகிறது. வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஒன்று முடிந்த செயல், மற்றது முடியாத செயல் என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இறந்தகாலம் என்றாலே முடிந்ததுதானே?

போன கிழமை சின்ன வயதைப் பற்றிப் பத்து வசனம் எழுதச் சொன்னார்கள். பின்னேரங்களில் அம்மம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனதை எழுதினேன். பத்தில் ஏழுக்குச் சிவப்புக் கோடு. நான் 'ஃபுய்மோஸ்' என்று எழுதிய இடமெல்லாம் 'ஈபாமோஸ்' என்று திருத்தியிருந்தது. இரண்டுக்கும் பொருள் 'போனோம்' என்றே படித்தேன். பழகப் பழக வரும் என்கிறார் டீச்சர். எனக்குக் காரணம் தெரிய வேண்டும். யாராவது தமிழில் விளங்கப்படுத்துவீர்களா?

பதில்: வழிகாட்டி, கொட்டாஞ்சேனை

தங்கச்சி, நான் 22 வருடமாகச் சுற்றுலா வழிகாட்டி. ஓகஸ்ட் வந்தால் ஸ்பெயின்காரர்களோடு சிகிரியா, கண்டி, எல்ல என்று வான் வண்டியில் ஓடிக்கொண்டே இருப்பேன். அவர்களுக்கு அது விடுமுறை மாதம். நானும் ஆங்கிலம் வழியாகத்தான் படித்தேன், நீங்கள் நிற்கிற இதே இடத்தில் கனகாலம் நின்றேன்.

உங்கள் வசனத்தை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். "சின்ன வயதில் பின்னேரங்களில் அம்மம்மாவோடு கடற்கரைக்குப் போவோம். அம்மம்மா கடலை வாங்கித் தருவார். நாங்கள் மண்ணில் விளையாடுவோம்." போவோம், தருவார், விளையாடுவோம். பார்த்தால் எதிர்காலம். ஆனால் கேட்கிற ஒருவரும் நாளைக்குப் போகப்போகிறீர்கள் என்று நினைக்கமாட்டார்கள். முன்பு வழமையாக நடந்ததைச் சொல்ல நாங்கள் இந்த வடிவத்தைத்தான் எடுக்கிறோம். அந்த இடத்துக்கு ஸ்பானிஷில் 'ஈபாமோஸ்'. "ஒருநாள் காலிமுகத்திடலுக்குப் போனோம்" என்றால் 'ஃபுய்மோஸ்'. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். அந்த வழியால் போனால் வித்தியாசம் கண்ணில் படாது. உங்களுக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும்.

'கொண்டிருந்த' வருகிற இடத்துக்கும் பெரும்பாலும் அதே வடிவம் பொருந்தும். "நான் வெளிக்கிட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது." மழைக்கு 'யோபியா', வெளிக்கிட்டதற்கு 'சலி'.

தமிழ் கைகொடுக்காத இடமும் இருக்கிறது. "வீடு சிறியதாக இருந்தது", "அம்மம்மாவுக்கு அப்போது 60 வயது" போன்றவற்றில் வினையைப் பார்த்துப் பிடிக்க முடியாது. இவை கதைக்குப் பின்னால் நிற்கிற விவரங்கள். ஈபாமோஸ் இனத்திலேயே போடுங்கள்.

இன்னொன்று, இது நான் பிழைவிட்டுப் படித்தது. சிகிரியாவில் கோட்டை கட்டிய காசியப்பன் 477 முதல் 495 வரை ஆண்டான். 18 வருடம் நீண்ட காலம்தானே என்று 'ரெய்னாபா' என்று சொல்லி வந்தேன். ஒருமுறை வந்த குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சாப்பாட்டு மேசையில் ஒரு தாளில் கோடு கீறி இரண்டு முனையையும் அடைத்துக் காட்டினார். எவ்வளவு நீளம் என்பதை அந்த மொழி பார்ப்பதில்லை, முனைகள் அடைபட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. 18 வருடம் என்று எண்ணிச் சொன்னவுடனே அடைபட்டுவிட்டது, அப்படியென்றால் 'ரெய்னோ'. அரசன் இறந்ததையும் நான் 'மோரியா' என்றுதான் சொல்லுவேன். செத்துக்கொண்டிருந்தான் என்று பொருள். ஆட்கள் பிறகு என்ன நடந்தது என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'முரியோ' என்றால்தான் அவர்களுக்குக் கதை முடியும்.

மனப்பாடத்துக்குப் பயப்படவேண்டாம். ஈபாமோஸ் இனத்தில் ஒழுங்கு தவறுகிற வினைகள் மொத்தம் மூன்றுதான்: இரு, போ, பார். மற்ற இனத்தில்தான் கஷ்டம். அங்கே 'இரு', 'போ' இரண்டுக்கும் ஒரே வடிவம். 'ஃபுய்' என்றால் போனேன் என்றும் வரும், இருந்தேன் என்றும் வரும். வசனத்தில் பார்த்தால் குழப்பம் இருக்காது.

பதில்: தெகிவளைக்காரி

அண்ணா சொன்னதே வழி. நான் ஸ்பானிஷ் தேர்ச்சிக்கான டெலே ஏ2 சோதனைக்குப் படிக்கிறேன், ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழைப் பிடித்த பிறகுதான் எனக்கும் ஓடத் தொடங்கியது. 'மே குஸ்தா எல் தே' என்றால் எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும். 'எனக்கு' முதலில், பிடிக்கிற பொருள்தான் எழுவாய், அப்படியே நம்முடைய வசனம். 'போய் ஆ கொமேர்' என்றால் சாப்பிடப் போகிறேன். 'நான்' என்று ஒவ்வொரு தடவையும் போடவும் தேவையில்லை, 'கதைத்தேன்' என்பதில் நான் இருப்பதுபோல 'ஆப்லே' என்பதிலும் இருக்கிறது.

ஆனால் தங்கச்சி, கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். 'ஆப்லோ' என்று முதல் அசையை அழுத்தினால் நான் கதைக்கிறேன். கடைசி அசையை அழுத்தினால் அவர் கதைத்தார். ஸ்பானிஷில் அதற்கு எழுத்தின் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும், நம் எழுத்தில் அது காணாமல் போய்விடும். காலமும் மாறுகிறது, ஆளும் மாறுகிறது.

உச்சரிப்புக்கு மட்டும் நம் எழுத்து உதவும். 'ஆனால்' என்று பொருள்படும் 'பெரோ'வுக்கு மெல்லிய ர, 'நாய்' என்று பொருள்படும் 'பெறோ'வுக்கு ற, அதையும் இன்னும் உருட்டி.

கடலோரம்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. 100ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போதே பத்து வசனத்தையும் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஏழும் 'வோம்', 'வார்' என்றுதான் முடிந்தன. வீட்டுக்கு வந்து திருத்தி எழுதிவிட்டேன்.

பதினோராவதாக ஒன்று எழுத ஆசை. அம்மம்மாவுக்குச் சுகமில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகுதான் தெரியவந்தது. கடற்கரைக்குப் போவது ஏன் நின்றது என்று கனநாள் கேட்டுக்கொண்டிருந்தேன். 'தெரியும்' என்பதற்கு எது வரும்?

வழிகாட்டி

ஒரே வினைதான் தங்கச்சி, இரண்டு வடிவமும் வேண்டும். தெரியாமல் இருந்ததற்கு 'நோ சபியா'. தெரியவந்த அந்த நேரத்துக்கு 'சூப்பே'. எழுதிவிட்டு இங்கேயும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.